காலி ஷெல் உறைக்கும் ஆயுதச் சட்டம் பொருந்தும்

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் முப்பது ஆண்டுகளாகப் பித்தளை ஷெல் உறை (பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூடு) ஒன்று பூச்சாடியாக இருந்தது. அவர் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்த மனைவி அதைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டார். கடைக்காரர் பயந்து காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல, மறுநாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. “இதற்கு லைசென்ஸ் எங்கே, அம்மா?” என்று கேட்டார்கள். பூச்சாடிக்கு யார் லைசென்ஸ் வாங்குவார்கள்? அந்த அம்மாள் நான்கு மாதம் அலைந்தார். அவருக்கு யாரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு நின்றுவிடுவதில்லை. ‘அம்யூனிஷன்’ (தோட்டா, குண்டு வகைகள்) என்ற சொல்லுக்கு 2(1)(பி) பிரிவு தரும் பொருளில் ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு, ஷெல், ஃப்யூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் பாகம்), இவற்றின் பாகங்கள் எல்லாமே அடங்கும். அதோடு, வெடிமருந்தை வைத்திருக்கும் பொருளும், வைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட பொருளும் அதில் சேரும். இந்தக் கடைசிச் சொற்றொடரில்தான் ஆட்கள் விழுகிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எதற்காகச் செய்த பொருள் என்று சட்டம் கேட்கும்.

பழையதுதானே என்ற வாதமும் நிற்காது. வழக்கொழிந்த, பழம்பெருமை வாய்ந்த ஆயுதத்துக்கு 45(சி) பிரிவு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு, சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு. தோட்டாவுக்கும் ஷெல்லுக்கும் அது எழுதப்படவில்லை. சேகரிப்பாளர்கள் பலரும் இந்தப் பிரிவை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். தவறான காகிதம்.

உங்களுக்கு உதவக்கூடியது 45(டி). ஆயுதத்தின் அல்லது அம்யூனிஷனின் சிறு பாகங்களை, அவற்றோடு இணையும் மற்ற பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாமல் வைத்திருந்தால், சட்டம் பொருந்தாது என்கிறது அது. சுடப்பட்ட வெற்று உறைக்கு இதுதான் பிடிமானம். ஆனால் எவையெல்லாம் ‘சிறு பாகம்’ என்று அந்தப் பிரிவில் பட்டியல் கிடையாது. மேசைக்கு எதிரே இருப்பவர் எப்படிப் படிக்கிறாரோ அப்படி. ஒரே வீட்டில் உறை ஒரு பெட்டியிலும் அதற்குப் பொருந்தும் குண்டுமுனை இன்னொரு பெட்டியிலும் இருந்தால், இந்த விலக்கை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கையெறி குண்டின் கூடு, மோர்ட்டார் குண்டு, முழு ஷெல் ஆகியவற்றின் கதை வேறு. 2(1)(எச்) பிரிவு இவ்வகைகளைத் ‘தடைசெய்யப்பட்ட அம்யூனிஷன்’ என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. சாதாரணத் தோட்டாவை உரிமமின்றி வைத்திருந்த வழக்கில், 3ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போவதற்கு முன் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் (39ஆம் பிரிவு). தடைசெய்யப்பட்ட வகைக்கு அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. ஆகவே முதல் வேலை, கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது. அதைப் பொருளே சொல்லும். தொடாமல் பாருங்கள்.

உறையின் அடித்தட்டில் பொறித்த எழுத்துகள்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். பழைய ராணுவ ரைஃபிளின் .303 தோட்டா உறையில் ‘கே.எஃப்.’ என்று இருந்தால் கிர்க்கி தொழிற்சாலை, ‘டி.ஐ.’ என்றால் டம்டம். பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு. ரோமன் எண் தோட்டாவின் வகை. நடுவில் உள்ள வட்டமான கேப்பில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளமும் வாய் திறந்த உறையும் சேர்ந்தால் அது சுடப்பட்டது. குண்டுமுனை அப்படியே இருக்க, கேப்பில் மட்டும் பள்ளம் இருந்தால் அது சுட முயன்று வெடிக்காத தோட்டாவாக இருக்கலாம். அதைக் காலி என்று நினைத்துவிடாதீர்கள். சுடாமல் கையாளப் பழகுவதற்கான ட்ரில் தோட்டாக்களில் பெரும்பாலும் கேப் இருக்காது. உறையில் துளையோ நீளப் பள்ளமோ இருக்கும்.

பெரிய உருப்படிகளில் நிறம் ஏமாற்றும். நேட்டோ வழக்கத்தில் நீலம் பயிற்சிக் குண்டையும், வெண்கல நிறம் மருந்தே இல்லாத ட்ரில் உருப்படியையும் குறிக்கும். நீலம் என்றால் காலி என்று பொருளில்லை. விழுந்த இடத்தைக் காட்டப் புகைவிடும் சிறு மருந்து நீலப் பயிற்சிக் குண்டுக்குள் இருப்பதுண்டு. பெயிண்டை யாரும் அடிக்கலாம், ‘இனர்ட்’ (வெடிக்காதது) என்று யாரும் எழுதலாம். உலோகத்தில் பொறித்த எழுத்தையும் ஆலையில் போட்ட துளையையும் ஓரளவு நம்பலாம். ஃப்யூஸ் மாட்டியிருந்தாலோ, அடிப்பகுதி மூடியிருந்தாலோ, உங்கள் ஆராய்ச்சி அத்தோடு முடியட்டும். திருகக் கூடாது, தேய்க்கக் கூடாது, குலுக்கிப் பார்க்கக் கூடாது. 2004இல் காசியாபாத் அருகே இறக்குமதிப் பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதையும் வெறும் இரும்பு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இனி அலைச்சலுக்கு வருவோம். நேர்மையாக இருக்க நினைப்பவர் செய்யும் முதல் தவறு, பொருளைப் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையம் போவது. வழியில் சோதனை நடந்தால் நீங்கள் ‘எடுத்துச் செல்பவர்’. பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடித்தட்டு எழுத்து தெரியும்படி புகைப்படம் எடுத்து, எழுத்தில் தகவல் கொடுங்கள், தகவல் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வெடிக்கும் என்ற ஐயம் துளியிருந்தாலும் 100 அல்லது 112.

அடுத்து அந்த வட்டம் தொடங்கும். காவல் நிலையத்தில் ஆட்சியர் அலுவலக ஆயுத உரிமப் பிரிவைப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே வெடிகுண்டு நிபுணர் பிரிவின் சான்று கேட்பார்கள். நிபுணர் பிரிவோ காவல் நிலையத்தின் கடிதம் இல்லாமல் வராது. அந்த அம்மாள் இந்த வட்டத்தை இரண்டரை முறை சுற்றினார். வாய்வழிப் பதிலுக்கு எங்கும் கணக்கில்லை. ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் மனு, காவல் நிலையத்துக்கு அதன் நகல். பதில் வராவிட்டால், மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது, எந்தப் பிரிவின்கீழ் மறுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கு 30 நாள் கெடு உண்டு. தூங்கும் கோப்பை அதுதான் எழுப்புகிறது.

காவலர்கள் பொருளை எடுத்துச் சென்றுவிட்டார்களா? கைப்பற்றுதல் மகஜரின் நகலை வாங்கி, அடித்தட்டு எழுத்துகள் அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஷெல் – 1’ என்று மட்டும் எழுதுவார்கள். வெற்று உறைக்கும் முழுக் குண்டுக்கும் வித்தியாசம் அங்கேயே அழிந்துவிடும். ‘சுடப்பட்ட வெற்றுப் பித்தளை உறை’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது. ஆகவே பொருள் எப்படி வந்தது என்பதற்கான படைப்பிரிவு நினைவுப் பரிசுக் கடிதம், ஏல ரசீது, பழைய புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

விற்பது தனிக் குற்றம். உரிமமின்றி அம்யூனிஷன் விற்றால் 7 ஆண்டிலிருந்து ஆயுள்வரை. இணையத்தில் படம் போட்டு விலை கேட்பவர்கள் இதைப் படிக்கவும். விமானத்தில் போலிக் கையெறி குண்டுகூட ஏறாது. அப்பாவின் பழைய ராணுவப் பையோடு பயணம் போகிறவர்கள், அதன் எல்லா அறைகளையும் கிளம்புவதற்கு முந்தின நாளே கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள்.