ட்ரா என்று சொல்லும் பிள்ளையிடம் ஸ்கோர்ஷீட்டைக் கேளுங்கள்

செஸ் போட்டி நடக்கும் மண்டபத்தின் வாசலில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" பிள்ளை "ட்ரா" என்றதும் அவர்கள் முகம் சுருங்கிவிடும். பயிற்சியாளனாக இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் மனசு கேட்கவில்லை.

1960-இல் லைப்சிக் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பாபி ஃபிஷரும் மிகைல் டாலும் ஆடிய ஆட்டத்தை என் மாணவர்களுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். டால் அந்த வருடம்தான் உலக சாம்பியன் ஆனார். ஃபிஷருக்கு வயது 17. முந்தைய வருடம், உலக சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று முடிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில் டாலிடம் நான்கு ஆட்டத்திலும் தோற்றவர். ஆனாலும் ஒதுங்கி ஆடவில்லை. ஆட்டம் தொடங்கிய விதம் பிரெஞ்சு டிஃபென்ஸ், அதில் வினாவர் வகை. ஏழாவது நகர்த்தலில் ஃபிஷர் ராணியை ஜி4 கட்டத்தில் வைத்தார். அப்புறம் ஜி7, எச்7 சிப்பாய்கள் இரண்டையும் வெட்டினார். பதிலுக்கு டாலின் யானைக்கு ஜி ஃபைல், அதாவது ஜி என்ற நெடுவரிசை, திறந்துகொண்டது. இருவருமே ஒரு நகர்த்தல் பிசகினால் தீர்ந்தது கதை.

21-வது நகர்த்தலில் ட்ரா. கடைசியில் ஃபிஷரிடம் ராணியும் யானையும், டாலிடம் ராணியும் குதிரையும். குதிரையைவிட யானைக்கு மதிப்பு அதிகம்; டாலுக்குச் சிப்பாயும் ஒன்று குறைவு. ஆனால் டாலின் ராணி ஜி4-இல் செக் வைக்கிறது. ஃபிஷரின் ராஜா எச்1 போனால் எஃப்3-இல் செக், ஜி1 திரும்பினால் மறுபடி ஜி4. வேறு கட்டத்துக்கு ஓடலாமென்றால் ஃபிஷரின் சொந்த யானையும் சிப்பாய்களுமே வழியை அடைத்து நிற்கின்றன. முடிவே இல்லாமல் செக் தொடரும் என்பதால்தான் ட்ரா. இப்படி ஒரு ட்ராவைப் பிடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ட்ராவுக்குத் திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த போட்டியில் ஷார்ப்பான, அதாவது ரிஸ்க் நிறைந்த ஓப்பனிங்கைத் தொடவே பயப்படும். தோற்காமல் இருந்தால் போதும் என்று பத்துப் பன்னிரண்டு நகர்த்தலிலேயே ட்ரா கேட்கும். எனக்குக் கவலை அதுதான்.

ஒரு முறை என் மாணவன் ஒருவனின் அப்பா கோபமாக வந்தார். "ரேட்டிங் கம்மியா இருக்கிற பையன்கிட்டப் போய் ட்ராவா சார்?" நகர்த்தல்களை எழுதி வைக்கும் ஸ்கோர்ஷீட்டை வாங்கி, கடைசி நிலையைப் போர்டில் அடுக்கினேன். "நீங்கதான் கருப்பு. ஒரு யானை குறைவு. உங்க பையனுக்கு அப்போ ரெண்டு நிமிஷம்தான் இருந்தது. உங்களுக்கு நேரக் கணக்கே இல்லை, காப்பாத்துங்க சார்" என்றேன்.

பத்து நிமிஷம் பார்த்தார். ராணியைத் தொடுவார், கையை எடுத்துக்கொள்வார். பையன் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கை நீட்டினான்.

"இங்க ஒரு செக் இருக்குப்பா."