டேக் என்றால் குறியீடு அல்ல, குறிச்சொல்

ஆவணங்களைத் தேடி எடுப்பதற்காக அவற்றோடு இணைத்து வைக்கும் சொல்லை ஆங்கிலத்தில் 'டேக்' (tag) என்கிறார்கள். அதைக் 'குறியீடு' என்று எழுதும் பழக்கம் எங்கள் ராமநாதபுரம் கரை வரைக்கும் வந்துவிட்டது. மண்டபம் பக்கம் மீனவ ஊர்களுக்குத் திட்டம் எழுதும் ஒரு குழுவுக்கு, ஆவணம் ஒவ்வொன்றுக்கும் குறியீடு இட வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. சொன்னதைச் செய்தார்கள். ஒருவர் 'பா/மீ/07' என்று போட்டார். இன்னொருவர் 'மூ-3அ' என்றார். பாசி வளர்ப்புக் கோப்பை வைத்திருந்த தம்பி, ஆண்டு, மாதம், தன் பெயரின் முதலெழுத்து எல்லாம் கோத்து நீளமாக ஒன்றைச் செய்தார். அப்புறம் பாம்பன் தொடர்பான திட்டங்களை மட்டும் எடுங்கள் என்றபோது, தேடல் பெட்டியில் எதைத் தட்டுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தப்பு அவர்களுடையது இல்லை. குறியீடு என்றால் தமிழில் அதுதான். அஞ்சல் குறியீட்டு எண், விலைக் குறியீட்டெண், வேதியியலில் தனிமத்தின் குறியீடு, கவிதையில் குறியீடு. எல்லாவற்றிலும் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று நிற்கிறது, விளங்காதவர்கள் அதை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. டேக் அவிழ்க்க வேண்டிய பொருளே இல்லை. பார்த்த மாத்திரத்தில் புரிகிற சாதாரணச் சொல் அது. இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. கோப்பு எண் ஓர் ஆவணத்துக்கு மட்டும் சொந்தம். இரண்டு கோப்புக்கு ஒரே எண் விழுந்தால் எழுத்தர் பதறிப்போவார். டேக்கோ பல ஆவணங்களுக்குப் பொதுவாக இருந்தால்தான் பயன். 'தடைக்காலம்' என்று ஒன்று இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளுக்கான நிவாரணத் திட்டமும், அந்த நாள்களில் வலை பழுதுபார்க்கும் பயிற்சித் திட்டமும், படகு ஆய்வுக்கான கால அட்டவணையும் ஒன்றாக வந்து விழ வேண்டும். அவை மூன்று பேர் எழுதியவை, மூன்று கோப்புறைகளில் கிடப்பவை. அவற்றைச் சேர்க்கிற வேலையைச் சொல்ல, தனித்தனியாகப் பிரிக்கிற வேலைக்கான சொல்லை எடுத்துக் கொடுத்தால் எப்படி?

'டேக்' என்ற சொல்லின் வரலாறு சுருக்கமானது. ஆங்கிலத்தில் முதலில் ஆடையின் ஓரத்தில் தொங்கும் துண்டுத் துணி. பிறகு கயிற்று நுனியில் மாட்டும் உலோகப் பூண். பிறகு சரக்கில் கட்டித் தொங்கவிடும் சீட்டு. இணையத்தில் இதைப் பரவலாக்கியவை இணைய முகவரிகளைச் சேமிக்க 2003இல் வந்த டெலிஷியஸ், படங்களைப் பகிர 2004இல் வந்த ஃபிளிக்கர் ஆகிய தளங்கள். 2007இல் கிறிஸ் மெசினா ட்விட்டரில் # அடையாளத்தை முன்மொழிந்தார். ஹேஷ்டேக் என்ற பெயர் அதன் பிறகு ஊன்றியது.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. 'ஒட்டு' என்பார்கள், மாங்கன்று நினைவுக்கு வருகிறது. 'சிட்டை' என்பார்கள், கடைக்காரரின் கணக்குச் சீட்டுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. 'பகுப்பு' நல்ல சொல், ஆனால் அது விக்கிப்பீடியாவில் வேறு வேலை பார்க்கிறது: பகுப்புக்குள் பகுப்பு என்று கிளை பிரியும். குறிச்சொல்லுக்குக் கிளை கிடையாது.

ஆகவே குறிச்சொல். வலைப்பதிவர்கள் வெகுநாளாகப் புழங்கும் சொல்தான், நான் புதிதாக ஆக்கியது அல்ல. 'குறி சொல்வது' கோடாங்கி வேலை ஆயிற்றே என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் 'ச்' போதும், இரண்டும் வேறாகிவிடும். குறி என்ற வேருக்கு இதைவிடப் பொருத்தமான முன்வரலாறும் உண்டு. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் போட்ட குறியும் இதே வேலையைத்தான் செய்தது: ஒரு வீட்டுத் துணிக்கெல்லாம் ஒரே குறி, எந்த மூட்டையில் கிடந்தாலும் பிரித்து எடுத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கலைச்சொல் பட்டியலைத் திறக்கிறார்கள், முதலில் கண்ணில் படுவதை ஒட்டுகிறார்கள், அதை வைத்து ஓர் ஆள் என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை. அதற்குமேல், ஒரே ஆவணத்தில் ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, அடுத்த பக்கம் பாக் நீரிணை, பின்னிணைப்பில் பாக் விரிகுடா. ஜலசந்தியும் நீரிணையும் ஒன்று, விரிகுடா வேறு. பாம்பனில் கேட்டால் வடகடல், தென்கடல் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா.

இந்தக் குழப்பம் அப்படியே குறிச்சொல்லிலும் இறங்கும். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என மூன்று பேர் மூன்று விதமாகப் போட்டால் ஊர் மூன்றாக உடைந்துவிடும். கணினிக்கு அவை வேறு வேறு. கிரந்தம் கலவாமல் எழுதுவதில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனாலும் குறிச்சொல்லில் 'ராமேஸ்வரம்' என்றே வைப்பேன், ஏனென்றால் அவசரத்தில் கை தட்டுவது அதைத்தான். வேற்றுமை உருபும் வேண்டாம், பன்மையும் வேண்டாம்: 'பாம்பனில்' அல்ல, 'பாம்பன்'; 'படகுகள்' அல்ல, 'படகு'.

குழு முழுவதற்கும் ஒரே பட்டியல், அதைத் திருத்த ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் சண்டை குறையும். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் இடத்துக்கும் காலத்துக்கும் தனித்தனிக் கூறு கொடுத்தார். அதை இங்கே கடன் வாங்கலாம்: ஆவணத்துக்கு ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒன்றிரண்டு பொருட்சொல். 'மூக்கையூர், 2024, வலை' போதும். பத்துச் சொல் போட்டால் எல்லாத் தேடலிலும் எல்லாமே வரும்.

கடல்பசு, கடற்பசு, ஆவுளியா மாதிரி ஒரே உயிருக்கு மூன்று வடிவம் இருக்கும் இடத்தில், மாற்றுப் பெயர் சேர்க்க மென்பொருள் இடம் கொடுத்தால் சேர்த்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் கடற்பசுவை மட்டும் பட்டியலில் வைத்து, ஆவுளியா என்று தேட வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.