நெய்வேலிக் காட்டாமணக்கு

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஆள் உயரத்துக்கு மண்டி, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் மாதிரிப் பூத்து நிற்கும் செடி இது. பேரில்தான் ஆமணக்கு. ஆமணக்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

காடு + ஆமணக்கு = காட்டாமணக்கு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரச் செடி வேறு: விதையில் எண்ணெய் எடுக்கும் ஜட்ரோபா. கிளையை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், ஆடுமாடு லேசில் வாய் வைக்காது, வேலிக்கு ஆகும். இந்தக் குணமெல்லாம் ஒத்துப்போனதால் இதற்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. முன்னால் நிற்கும் நெய்வேலியும் பிறந்த ஊர் அல்ல. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்தியில் இதற்கு ‘பேஷரம்’, அதாவது வெட்கங்கெட்டது, என்று பெயர். வெட்டிப்போட்ட துண்டு கரையிலேயே வேர்விடுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயராக இருக்கும்.

தாவரவியலில் ஐபோமியா கார்னியா. முதல் பாதி கிரேக்கம்: புழுவைப் போன்றது, சுருண்டு ஏறும் கொடியைச் சொல்வது. இரண்டாவது லத்தீன்: சதை நிறம். வள்ளைக்கீரையும் சர்க்கரைவள்ளியும் இதே ஐபோமியா பேரினம்தான். ஆகவே ‘புதர்வள்ளை’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கட்சி. ஊர்வாயில் ஏறிய பெயரை மாற்ற முடியாது. ஆனால் கால்நடை மருத்துவரிடம் வெறுமனே ‘காட்டாமணக்கு’ என்று சொன்னால் அவர் ஜட்ரோபா விஷத்தை நினைப்பார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு போவது உத்தமம். ஆமணக்கு இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். இது நீண்ட இதய வடிவம், ஒடித்தால் பால் வரும். ஜட்ரோபா பூ சின்னது, மஞ்சள் கலந்த பச்சை.

நெய்வேலிக் காட்டாமணக்கில் இருக்கும் விஷத்தின் பெயர் ஸ்வைன்சோனைன். அதைச் செய்வது செடி அல்ல, செடியோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை. உயிரணுவுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதியை இந்த விஷம் முடக்கிவிடும். உடையாத சர்க்கரை நரம்பணுக்களில் தேங்கும். ஆடு ஒரே நாளில் விழுந்துவிடாது. மெலியும், தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது கடித்துப் பார்க்கும் ஆடு, ருசி பழகிவிட்டால் இதையே தேடிப் போகும். ஆரம்பத்திலேயே பிரித்துக் கட்டித் தீனி மாற்றினால் தேறும்; நாள் கடந்துவிட்டால் தள்ளாட்டம் நிலைத்துவிடும்.