மீட்பு: மீட்பவர் யார்?

வீட்டுக்கடனில் தவணை தவறியவர் கைக்கு வரும் தமிழ்த் தாள்களில் 'கடன் மீட்பு நடவடிக்கை' என்று ஒரு வரி இருக்கும். நாலு வரி தள்ளி 'சொத்தை மீட்கும் உரிமை' என்று இன்னொன்று. முதலாவதில் மீட்பவர் வங்கி, இரண்டாவதில் கடன் வாங்கியவர். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் ஒரே வினைச்சொல். படிப்பவர் தம் உரிமையைச் சொல்லும் வரியையும் வங்கியின் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது பயன்பாடுதான் சரி. ஆங்கிலத்தில் 'ரிடெம்ப்ஷன்'; அதன் லத்தீன் வேருக்கு 'விலை கொடுத்துத் திரும்ப வாங்குதல்' என்று பொருள். தமிழில் மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. வெட்சியார் கவர்ந்துபோன ஆநிரையைக் கரந்தையார் மீட்டார்கள். மாட்டைப் பறிகொடுத்தவன் செய்வதுதான் மீட்டல். அடகுக்கடை வாசலில் இதற்கு இன்னும் கச்சிதமான சொல் புழங்குகிறது: திருப்புதல். 'நகையைத் திருப்பியாச்சா?' என்றால் யார், எதை, எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'வங்கியும் தன் பணத்தைத்தானே மீட்கிறது?' என்று கேட்பார்கள். அந்தப் பணத்தை யாரும் கவர்ந்து போகவில்லை. வட்டி பேசி, பத்திரம் வாங்கிக்கொண்டு வங்கியே கொடுத்தது. வரவேண்டியதை வாங்குவதற்குப் பெயர் வசூல். அது அரபுச் சொல்தான். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'தண்டல்' உண்டு. ஆனால் சென்னையில் தண்டல் என்றால் இன்று தினவசூல் கடன். புதுக் குழப்பம் வரும். வசூலே இருக்கட்டும். 'கடன் மீட்புத் தீர்ப்பாயம்' என்பதைவிடக் 'கடன் வசூல் தீர்ப்பாயம்' தெளிவு. வங்கி நடவடிக்கையை எதிர்த்துக் கடனாளி போகவேண்டிய இடமும் அதுவே என்பதால் பெயர் குழம்பக் கூடாது.

இதைச் சொல்லழகுக்காக வலியுறுத்தவில்லை. நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்று கணக்கு வாராக்கடன் ஆனபின், 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். கெடு தாண்டினால் 13(4)-இல் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சொத்தைத் திருப்பும் உரிமை 13(8)-இல் இருக்கிறது. முன்பு விற்பனைக்குக் குறித்த நாள் வரை அவகாசம் இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பாக்கி முழுவதையும் செலவுத் தொகைகளோடு கட்டியாக வேண்டும். ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று நம்பியிருப்பவர் இங்கேதான் தவறுகிறார்.

இன்னொரு வேறுபாடும் மொழிபெயர்ப்பில் தொலைகிறது. தவறிய தவணைகளை மட்டும் கட்டிக் கடனைத் தொடர்வது வேறு, முழுக் கடனையும் அடைத்துப் பத்திரத்தை வாங்குவது வேறு. முன்னது நிலுவை தீர்த்தல், பின்னது திருப்புதல். அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சில முன்னதைத் தனி உரிமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ரைட் டு க்யூர்' எனப்படும் அதைக் 'குணப்படுத்தும் உரிமை' என்று தமிழாக்குகிறார்கள். கடனுக்கு என்ன காய்ச்சலா? சர்ஃபேசியில் அப்படித் தனி உரிமை இல்லை. ஆனால் அசல், வட்டி நிலுவை முழுவதும் கட்டினால்தான் கணக்கு வாராக்கடன் நிலையிலிருந்து வெளிவரும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாக்கியது. 20,000 ரூபாய்த் தவணை நான்கு தவறியிருந்தால் 60,000 கட்டுவது போதாது. 80,000 ரூபாயோடு அதன்மேல் ஏறிய வட்டியும் சேர வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது 'கடன் இயல்புநிலை'. 'டிஃபால்ட்' என்பதன் பழம்பொருளே தவறுதல்தான். வேறொன்றைத் தேர்ந்தெடுக்கத் தவறினால் தானாக அமைவது என்ற கணினிப் பொருள் பின்னால் கிளைத்தது. மொழிபெயர்ப்பு எந்திரம் கிளையைப் பிடித்துக்கொண்டு எழுதியதை யாரும் படித்துப் பார்க்காமல் அச்சேற்றுகிறார்கள். 'உங்கள் கடன் இயல்புநிலையில் உள்ளது' என்று வாசிப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். அவருடைய 60 நாளோ ஓடிக்கொண்டிருக்கும். 'நான்கு தவணை தவறிவிட்டது, இந்தத் தேதிக்குள் கட்டுங்கள்' என்று எழுத என்ன தடை?