புயல் வெளிக்கொணரும் பழைய கடல் சுவர்கள்

புயல் ஓய்ந்த மறுநாள் கரையோரம் புதிதாகக் கற்கள் தலைகாட்டினால் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. கடலடித் தொல்லியலில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முக்கியமான நாள். மணல் திரும்ப வந்து மூடுவதற்குள் பார்த்தால்தான் உண்டு.

இஸ்ரேலில் ஹைஃபாவுக்குத் தெற்கே, கார்மேல் கரையை ஒட்டி, டெல் ஹ்ரெய்ஸ் என்ற புதிய கற்கால ஊர் கடலுக்கடியில் கிடக்கிறது. ஊர் இருப்பது 1960களிலேயே தெரியும். ஆனால் அதன் கடல் பக்கமாக 100 மீட்டருக்கு மேல் நீளும் கல்வரிசை, 2012 குளிர்காலப் புயல் மணலை அரித்த பிறகுதான் கண்ணில் பட்டது. கடலடித் தொல்லியலாளர் எஹுத் கலிலியின் குழுவினர் 2019இல் ஆய்வை வெளியிட்டார்கள். வயது சுமார் 7,000 ஆண்டு. உலகில் அதுவரை தெரிந்த கடல் தடுப்புகளில் இதுவே மிகப் பழையது.

அலை சேர்த்த குவியல் இல்லை என்பது எப்படித் தெரியும்? அந்தப் பாறைகள் அந்த இடத்தைச் சேர்ந்தவையே அல்ல. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆற்றுப்படுகைகளிலிருந்து கொண்டுவந்தவை. சில கற்கள் ஒரு டன் வரை இருக்கும். அதை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், ஊரே கூடி முடிவெடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடல் மட்டம் அப்போது ஆண்டுக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறைக்குள் அரைச் சாண் முதல் ஏறக்குறைய ஒரு சாண் வரை. சுவர் கொஞ்ச காலம் தாங்கியது, அப்புறம் ஊரையே காலி செய்துவிட்டார்கள்.

இன்றைய ஆபத்து வேறு. மணலும் அதற்கடியில் உள்ள களிமண்ணும்தான் இவற்றைக் காப்பாற்றி வந்தன. மணல் அள்ளுவதாலும் கரையில் எழும் கட்டுமானங்களாலும் அந்தப் போர்வை மெலிந்தால், களிமண் நேராக அலையிடம் சிக்கும். கல் நிற்கும். ஆனால் களிமண்ணில் புதைந்த ஆலிவ் கொட்டையும் மரத்துண்டும் அடித்துச் செல்லப்படும். கார்பன் முறையில் காலம் கணிக்க உதவுவது அவைதான்; அவை போனால் சுவருக்கு வயது சொல்வது கடினம்.

நம் கரையிலும் 2004 சுனாமி மாமல்லபுரத்தில் மணலை வாரிச் சென்று, சிற்பம் செதுக்கிய பாறைகளை வெளியே காட்டியது. அதுபோல வரிசையாகக் கற்களைப் பார்த்தால் எதையும் நகர்த்தாதீர்கள். பக்கத்தில் ஒரு செருப்பையாவது அளவுக்கு வைத்துப் படமெடுத்து, இருப்பிடக் குறிப்போடு தொல்லியல் துறைக்கு அன்றைக்கே தெரிவியுங்கள். முக்கியமாக, ஈரமான பழைய மரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வெயில் பட்டுக் காய்ந்தால் அது சுருங்கி வெடித்துவிடும்.