ஈரத்துண்டும் சோக்கும்

1994-ல், 25 வயதில், நான் வாங்கிய முதல் கார் ஒரு பழைய பிரீமியர் பத்மினி. கோயம்புத்தூரில் அதைப் பத்மினி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஃபியட்' தான். இத்தாலியின் ஃபியட் 1100-ஐ உரிமம் வாங்கி பம்பாய் குர்லாவில் செய்த வண்டி. 1089 சிசி எஞ்சின், ஸ்டீரிங்கை ஒட்டியே கியர். வாங்கிய முதல் மே மாதமே அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

கல்லாறு வரை சுகமாக வந்த வண்டி, பர்லியாறுக்கு முந்தைய வளைவு ஒன்றில் இரண்டு தரம் குலுங்கி நின்றுபோனது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் வந்த லாரியின் டிரைவர் இறங்கி வந்து பானெட்டுக்குள் பார்த்தார்.

"ஏர் லாக் ஆயிருச்சுங்க தம்பி. துண்டு இருந்தா நனைச்சுப் பம்பு மேல சுத்துங்க."

தங்கை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். துண்டு காயக் காய அவரே மறுபடி மறுபடி ஊற்றினார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. அன்றைக்கு எனக்கு அது மந்திரம்தான்.

பேச்சில் ஏர் லாக் என்றாலும், உள்ளே அடைத்துக்கொண்டது காற்றல்ல, பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. தண்ணீரைப் போல அதற்கு ஒரே கொதிநிலை கிடையாது. லேசான பகுதி சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதி முழுதும் ஆவியாக 200 டிகிரி பக்கம் போக வேண்டும்.

அந்தக் கால கார்களில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். உள்ளே ஒரு சவ்வு மேலும் கீழும் அசைந்து, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். இதோடு மே மாத வெயிலையும், இரண்டாம் கியரில் முனகி ஏறும் எஞ்சினின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்புக்குள்ளேயே பெட்ரோல் குமிழி விடுகிறது. திரவத்தைத் தள்ளினால் நகரும். ஆவியைத் தள்ளினால் சுருங்கும், விட்டால் விரியும். சவ்வு ஓயாமல் அசைந்தாலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.

ஈரத்துண்டு ஏன் வேலை செய்கிறது? ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பம்பின் உலோகத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். பம்பு குளிர்ந்ததும் உள்ளே இருந்த ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

அடுத்த ஜனவரியில் ஊட்டியில் நண்பன் வீட்டு வாசலில் இரவு வண்டியை நிறுத்தினேன். காலையில் கண்ணாடியெல்லாம் உறைபனி. செல்ஃப் அடித்தால் அதே கதை, பிடிக்கவில்லை. ஆனால் காரணம் நேர்த் தலைகீழ்.

கார்புரேட்டரில் காற்று போகும் வழி நடுவில் குறுகும். அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், பக்கத்துச் சிறு துளையிலிருந்து பெட்ரோல் இழுபட்டுத் தூறலாகும். முழுமையாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் எரிவது ஆவிதான், திரவம் அல்ல. குளிர்ந்த எஞ்சினில் தூறலில் பெரும்பகுதி குழாய்ச் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். லேசான பகுதி மட்டுமே ஆவியாகும். அதற்குத்தான் சோக். சில கார்களில் அது காற்று வழியை அடைக்கும் தகடு, சிலவற்றில் பெட்ரோலுக்கென்று தனி வழி. எப்படியானாலும் நோக்கம் ஒன்றுதான்: தேவைக்கு மேல் பெட்ரோல் விட்டால், அதில் ஆவியாகும் சிறு பங்கே எஞ்சினைப் பிடிக்கவைக்கப் போதும்.

சோக்கின் கைப்பிடியை அதிகம் இழுத்தால், தீப்பொறி தரும் பிளக் நனைந்துவிடும். உள்ளே தள்ள மறந்தால் கரும்புகை வரும், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். எஞ்சின் சத்தம் உயர்வதைக் கேட்டு சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள அந்த வண்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் காலை நேரத்துப் பெட்ரோல் வாசனை இன்னும் எனக்குப் பிரியமானது. மூக்குக்கு எட்டியதும் எஞ்சினைப் பிடிக்கவைத்ததும் எளிதில் ஆவியாகும் அதே லேசான பகுதிதான்.

ஆக, வண்டி கேட்டது ஒன்றே ஒன்று: கார்புரேட்டர் வரை பெட்ரோல் திரவமாக இருக்கட்டும், அதைத் தாண்டியதும் ஆவியாகட்டும். பர்லியாறில் அது முன்கூட்டியே ஆவியானது, ஊட்டியில் ஆகவே இல்லை.

இப்போது என்னிடம் இருக்கும் காரில் சாவியைத் திருப்பியதும், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ங்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் மின்பம்பு அது. உறிஞ்சாமல், சுமார் 3 பார் அழுத்தத்தில் பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் லேசில் கொதிக்காது. குளிர்காலையில் எவ்வளவு கூடுதலாகத் தெளிப்பது என்பதை சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. மலையேறும்போது நான் இன்னும் சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.