மித்ரா பணமும் ஊர்ச் சங்கமும்: மானியம் கேட்குமுன் தெரிய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்பட்டணத்தில் எந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "இந்தியர்களுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்குறாங்களே, நம்ம பக்கம் ஏன் ஒரு காசும் வரல?" கட்சிக்காரர்களைத் திட்டிவிட்டு விண்ணப்பமே போடாமல் விடுகிறவர்கள் உண்டு. ஆள் பிடித்தால் போதும் என்று வெறுங்கையோடு அலைகிறவர்களும் உண்டு. இந்தியச் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா தரும் இந்த மானியம் யாருக்கும் உரிமை இல்லை என்பதை இரு தரப்பும் முதலில் மனத்தில் வைக்க வேண்டும். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) போல், தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இதற்குக் கிடையாது. ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இதற்குச் சுங்கை சிப்புட்டே சாட்சி. 2008 தேர்தலில் அப்போதைய மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். அரசாங்கத் தரப்பு உறுப்பினர்களுக்குக் கிடைத்த தொகுதி ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்கவில்லை. வரி கட்டுவது எல்லாத் தொகுதி மக்களும்தானே என்று நீதிமன்றம் போனார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறியும் பலிக்கவில்லை. ஒரு நாடாளுமன்ற உறுப்பினராலேயே வாதாடி வாங்க முடியாததை ஊர்ச் சங்கம் வாங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, இந்தப் பணத்தைச் சுற்றிக் கட்சிகளுக்குள் சண்டை எதைப் பற்றி? 2014-இல் பிரதமர் துறையின் கீழ், இந்தியச் சமூகத்துக்கான செடிக் என்ற பிரிவு தொடங்கியது. தமிழ் வகுப்பு, கணினிப் பயிற்சி, தையல் பயிற்சி, சிறுதொழில் என்று அரசு சார்பற்ற இயக்கங்கள் வழியாகப் பணம் போனது. 2018-இல் ஆட்சி மாறியதும் அது மித்ரா ஆனது. அதன் பிறகு பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே அது கை மாறியதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மஇகா ஒரு பக்கம், ஜசெக (ஜனநாயகச் செயல் கட்சி), பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) இன்னொரு பக்கம் நின்று, "உங்கள் காலத்தில் யாருக்குக் கொடுத்தீர்கள்" என்று பட்டியல் கேட்டார்கள். 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா மானியங்களை விசாரித்தது. நிறுவன இயக்குநர்களும் இயக்கப் பொறுப்பாளர்களும் தடுத்துவைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு, பாலர் பள்ளிக் கட்டணம், டயாலிசிஸ் சிகிச்சை, பல்கலைக்கழக மாணவர் உதவி என்று பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காடு) குடும்பங்களுக்கு நேராகப் போகும் திட்டங்களின் பங்கு கூடியது.

இதில் இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. தோட்டத்துக்கு உள்ளே யார் வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது கோலாலம்பூர் அலுவலகத்துக்குத் தெரியாது, ஊர் இயக்கத்துக்குத்தான் தெரியும். அதே சமயம், லெட்டர்ஹெட்டும் ரப்பர் சாப்பும் மட்டுமே வைத்துக்கொண்டு பணம் வாங்கிய இயக்கங்களும் இருந்தன. நம் கணிப்பில், கட்சிச் சண்டையைவிடப் பெரிய கேடு நாள்காட்டி. ஆண்டு ஒதுக்கீட்டில் செலவாகாத தொகை ஆண்டு முடிவில் காலாவதியாகிவிடும். அமைச்சு மாற்றம், குழு மாற்றம் என்று ஒப்புதல் இழுத்துக்கொண்டு போய் ஆண்டின் பின்பாதியில் வந்தால், ஆறு மாதத்தில் நடத்த வேண்டிய வகுப்பை ஆறு வாரத்தில் முடித்ததாகக் காட்ட வேண்டியிருக்கும். பொய்க் கணக்கு முளைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

போராடும் இயக்கங்களுக்கு இன்னொரு தலைவலி. தோட்டம் விற்கப்படும்போது வீட்டுக்காக நிற்கிறவர்கள், சம்பளத்துக்காக மறியல் செய்கிறவர்கள் அரசாங்கக் காசு வாங்கலாமா? 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் தடை இல்லை. அரசாங்கத்தை விமர்சித்தால் மானியத்தைத் திருப்பிக் கொடு என்றும் அதில் இல்லை. ஆனால் பதிவு என்னும் கடிவாளம் உள்துறை அமைச்சின் கீழ்தான் இருக்கிறது. பிஎஸ்எம் (மலேசிய சோசலிசக் கட்சி) 1998-இல் பதிவுக்கு விண்ணப்பித்து 2008-இல்தான் பெற்றது. ஆகவே மானியக் கணக்கை ஒரு வங்கிக் கணக்கிலும், போராட்ட நன்கொடையை வேறு கணக்கிலும் வைப்பது புத்திசாலித்தனம். மறியலுக்குப் பேனர் அடித்த பில் மானியக் கணக்கில் கிடந்தால், எதிரிக்கு அந்த ஒரு துண்டே போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், பணம் எதற்கெல்லாம் கூடாது என்ற பத்தியை இரண்டு பேராவது படித்துவிடுங்கள்.

இனி ஃபைல். சங்கம் பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். விண்ணப்பம் சங்கப் பதிவிலாகாவின் ஈரோசஸ் இணையத்தளம் வழியாகப் போகும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் சங்கங்கள் சட்டத்தில் சேராது, அது கல்வித் துறையின் விதிகளின்படி நடப்பது. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்றாலும் ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல், வரவு செலவு ஆகியவை அதில் இருக்கும். விட்டுவிட்டால் காரணம் கேட்டு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 30 நாள். பதிவு ரத்தானால் அமைச்சரிடம் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். பழைய செயலாளரின் லயத்து (தோட்டக் குடியிருப்பு) விலாசத்துக்கு நோட்டீஸ் போய், அங்கே யாரும் இல்லாமல் போவதுதான் வழக்கமான கதை. விலாசம் மாறினால் உடனே பதிவிலாகாவில் மாற்றுங்கள்.

கோரமும் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) ஒரு வலை. பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதியில், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பாதிப் பேர், அல்லது செயற்குழுவின் இரு மடங்கு, இதில் எது குறைவோ அது கோரம். 11 பேர் செயற்குழு, 60 உறுப்பினர் என்றால் 22 பேர் வந்தால் போதும். ஊரில் எல்லாரும் பெரியவர்கள் என்று செயற்குழுவை 17 ஆக்கிவிட்டால் இரு மடங்கு 34, பாதி 30, ஆகவே கோரம் 30 ஆகிவிடும்.

அடுத்தது வங்கி. காசோலையில் கையெழுத்திடும் பொருளாளர் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். புதியவரை ஏற்க வங்கி பதிவிலாகாவின் பொறுப்பாளர் பட்டியலைக் கேட்கும். ஆண்டறிக்கை போகாவிட்டால் அந்தப் பட்டியலில் பழைய பெயர்தான் நிற்கும். மானியக் கடிதம் கையில் இருந்தும் பணத்தை எடுக்க முடியாது. சங்கம் இரண்டு அணியாகப் பிளந்துவிட்டால் இன்னும் மோசம். தகராறைத் தீர்த்ததற்கோ, தீர்க்க வழக்குப் போட்டதற்கோ ஒரு மாதத்தில் ஆதாரம் காட்டு என்று பதிவாளர் உத்தரவிடலாம். காட்டாவிட்டால் பதிவே போகலாம்.

பணம் வந்த பிறகு கணக்கு அதிகாரி முதலில் புரட்டுவது வருகைப் பதிவேட்டை. 40 பேர் பெயர், ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வான கையெழுத்து என்றால் அங்கேயே கதை முடிந்தது. ஒவ்வொரு வகுப்பு நாளும் பிள்ளைகளே கையெழுத்துப் போடட்டும். கரும்பலகையில் தேதி எழுதி அதோடு ஒரு படம் எடுங்கள். விலைப்பட்டியல் மூன்று கேட்டால், மூன்றும் ஒரே குடும்பத்துக் கடைகளிலிருந்து ஒரே எழுத்துருவில் வருவதை அதிகாரி கவனிக்காமல் விடமாட்டார். கூடாரம் 2, நாற்காலி 100, நாசி லெமாக் 120 பொட்டலம் என்று அளவைப் போட்டு பில் வாங்குங்கள். "உணவு, இதர செலவு" என்று ஒரே வரியில் எழுதினால் திரும்பி வரும். பொய்ப் பில் கொடுத்து ஏமாற்றுவது ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் விழும். தண்டனை 20 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது பொய்த் தொகையின் 5 மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. கடைக்காரர் நல்லெண்ணத்தில் கொடுக்கும் வெற்று ரசீதில் பொய்த் தொகையை நிரப்பிக் கொடுத்தால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

மீதிப் பணம் இருந்தால் தந்த துறையிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்பச் சொன்னால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எல்லாத் தாளையும் 7 ஆண்டு வையுங்கள். ஃபைல் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது, பொறுப்பு மாறும்போது அதைக் கேட்டு வாங்குவதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். கோயில் அலுவலகத்திலோ மண்டபத்திலோ பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள்.